துபாய்க்கு ரெண்டரை மணி நேரம்

மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன்னால் கிளம்பும் பெங்களூர் ரயிலில், இன்ஜினிலிருந்து நாலாவது பெட்டியில், ஒரு ஜன்னலோர இடம் ஒன்பது வருஷமாக ஒருவருக்கே இருந்தது. அவர் அதற்காக முந்தியடித்து ஏறியதில்லை. கடைசி ஆளாக வந்தாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் தானாக எழுந்து நகர்ந்துகொள்வார். அவர் பெயர் மனோகர். நாங்கள் கூப்பிட்டது துபாய் மாமா என்று. அந்தப் பெயரையும் இடத்தையும் அவரிடமிருந்து பிடுங்கியது நான்தான். துபாய்க்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். தெரியாமல் கேட்கவில்லை. பதிலைத் தேடி ஃபோனில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

என் பெயர் ஷில்பா. பி.யூ.சி. ரெண்டாம் வருஷத்தில், அதாவது பிளஸ் டூவில், ரெண்டு தடவை ஃபெயில் ஆகி, மூன்றாவது தடவை பரீட்சைக்குப் போகாமல் வேலைக்குப் போனவள். கே.ஆர்.புரத்தில் ஒரு துணிக்கடையில் மடித்த சேலையைப் பிரித்துக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்றதும் திரும்ப மடிக்கிற வேலை. ரயிலில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது, நல்ல விதமாக இல்லை. டிக்கெட் பரிசோதகர் குரலில் பேசி, சீசன் எடுக்காத பதினோரு பேரை மாலூரில் இறங்கி ஓட வைத்திருக்கிறேன். தூங்குகிறவர்களின் செருப்புகளை ஜோடி மாற்றி வைத்ததில், ஒரு பேங்க் குமாஸ்தா ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் நீலமுமாக வேலைக்குப் போய் வந்தார். எல்லாவற்றுக்கும் கடைசியில் சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

மனோகர் மாமாவுக்கு வயது நாற்பத்தெட்டு இருக்கும். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் பிளம்பிங் சூப்பர்வைசர். குழாய் ஒழுகுகிற இடத்துக்குப் போகிறவர், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில்தான் போவார். அவருடைய அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டு, சுரங்கம் மூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளை. அம்மாவும், மனைவி சுனிதா அத்தையும், ஒரு பெண் குழந்தையும், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின எங்கள் லைனிலேயே, எங்கள் வீட்டுக்கு ஆறு வீடு தள்ளி. குழந்தைக்கு நாலு வயது இருக்கும்போது அவர் துபாய்க்குப் போனார். மூன்று வருஷம் கழித்து, தங்கத் தாள் சுற்றின சாக்லெட்டும், புலி படம் போட்ட கம்பளியும், மூக்கைத் துளைக்கிற சென்ட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் ரெண்டு சாக்லெட் கிடைத்தது. ஒன்பது வயதில் நான் தின்ற அந்த சாக்லெட்டுதான் எனக்குத் தெரிந்த முதல் வெளிநாடு.

அதிலிருந்து எங்கள் ஊரில் யார் முதல் தடவை விமானம் ஏறுவதாக இருந்தாலும் அவரிடம் வந்து பாடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவரும் சலிக்காமல் சொல்வார். ஏர்போர்ட்டில் மேல் தளத்தில்தான் வண்டியை நிறுத்தணும், கீழே போனால் வந்து இறங்குகிறவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொள்வாய். வாசலில் நிற்கிற போலீஸ்காரரிடம் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் சேர்த்து நீட்டு, இளிக்காதே. ஊறுகாய், எண்ணெய், தேங்காய்ப் பொடி எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகணும், கைப்பையில் வைத்தால் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள், அதனால் தொளதொள பேன்ட் வேண்டாம். இப்படி நாற்பது பேராவது அவர் சொல்லி அனுப்பிப் போயிருப்பார்கள். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து, நீங்கள் சொன்னது தப்பு என்று சொன்னதில்லை.

எங்கள் பெட்டியில் ஜெனிட்டா அக்காவும் உண்டு. ஆண்டர்சன்பேட்டைக்காரி, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு துபாயில் வேலை கிடைத்து, வியாழக்கிழமை விமானம் என்று முடிவானது. அதற்கு முந்தின திங்கட்கிழமை காலை, டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் கொண்டுவந்திருந்தாள். பங்காருபேட்டையில் வண்டி கொஞ்ச நேரம் நின்று, அடுத்த ஸ்டேஷன் தியாகலுக்குக் கிளம்பியதும் மாமா பாடத்தை ஆரம்பித்தார். பெட்டியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு நான் ரொம்பப் பாடுபட்டு ஒரு ரப்பர் பல்லியைக் கொண்டுவந்து, ஃப்ரெடியின் டிபன் பாக்ஸில் இட்லிக்கு நடுவில் வைத்திருந்தேன். ஃப்ரெடி கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவன். எங்கள் பெட்டியில் அவன் சத்தம்தான் அதிகம். அவன் டிபனைத் திறந்தான், மாமாவின் வாயைப் பார்த்தபடியே இட்லியை எடுத்தான், பல்லியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டான். என் பல்லியைவிட அவர் பெல்ட் கழற்றுகிற கதை பெரிதாகப் போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஃபோனை எடுத்து பெங்களூரிலிருந்து துபாய் எவ்வளவு தூரம் என்று தேடினேன். ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரம் என்று வந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று அப்போதுகூடத் தெரியாது. சும்மா அவர் வாயைக் கிளறிப் பார்க்கத்தான் கேட்டேன்.

"மாமா, பிளேன்ல எவ்ளோ நேரம் உக்காந்துக்கினு இருக்கணும்?"

"ரெண்டரை மணி நேரம் பாப்பா. தோ, நம்ம வண்டி பெங்களூரு போற நேரந்தான். ஒரு காபி, ஒரு பன்னு, கீழ பாத்தா துபாய்."

நான் ஃபோனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினேன். நாலு மணி நேரம் போட்டிருக்கிறதே என்றேன். ஃப்ரெடிக்கு இட்லி புரையேறியது.

"அண்ணா, நீ போன துபாய் இன்னா தியாகலுக்கு அந்தாண்ட கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். காற்று எதிரில் அடித்தால் நாலு ஆகும், பின்னால் தள்ளினால் ரெண்டரைதான் என்றார். அந்தப் பதிலே போதும், யாரும் மேற்கொண்டு தோண்டியிருக்க மாட்டார்கள். அதற்குள் ஜெனிட்டா அக்கா டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, மாமா சொல்வது சரிதான், பத்து இருபதுக்குக் கிளம்பி பன்னிரண்டு ஐம்பதுக்கு இறங்குகிறது, கணக்குப் போட்டால் ரெண்டரை மணி நேரம்தான் வருகிறது என்றாள். அப்போது மாமா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மார்கழி மாசம், ஜன்னல் வழியாகப் பனிக்காற்று அடிக்கிறது, அவருக்கு வியர்த்திருந்தது. அதை நான் பார்த்தேன். பெட்டியில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அவர் எதற்கோ பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். பயப்படுகிறார் என்று தெரிந்ததால்தான் விடவில்லை.

"அக்கா, எறங்குற டைம் அந்த ஊரு டைம். அங்க மணி நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அதையும் சேத்தா நாலு." அவரைப் பார்த்துத் திரும்பினேன். "மூணு வருசம் இருந்தீங்களே மாமா, இங்க பத்து மணின்னா அங்க எத்தினி மணின்னு தெரியாதா?"

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.  ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். மறந்துபோச்சு பாப்பா என்றார். ஃப்ரெடி விடாமல் கம்பெனி பெயர் என்ன, எந்த ஏரியா என்று கேட்டான். மாமா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வண்டி தியாகலில் நின்றதும் இறங்கிவிட்டார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பிளாட்பாரத்தில் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அறிவிப்புப் பலகையில் என்னவோ படிக்கிற மாதிரி நின்றார். வண்டி நகர்ந்ததும் பெட்டி வெடித்துச் சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன். ஜெனிட்டா அக்கா சிரிக்கவில்லை. டிக்கெட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பெட்டியில் யார் எந்தப் பொய் சொன்னாலும் அதற்கு துபாய் என்று பெயர் வந்துவிட்டது. ஃப்ரெடி ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெனிட்டா அக்கா துபாயிலிருந்து எனக்கு ஃபோன் பண்ணினாள். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாளாம். அவளுடைய அப்பா வண்டியைக் கீழ்த் தளத்தில் நிறுத்தச் சொல்லி, வழி தெரியாமல் முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள். அவள் அம்மா பத்து நாளாக வெயிலில் வைத்துப் போட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கைப்பையில் வைத்திருந்தாள். சோதனை செய்கிற இடத்தில் எடுத்துவிட்டார்களாம். மாமாதான் சொல்லியிருந்தாரே என்றேன்.

"சொன்னாரு. அவர் சொன்னது எல்லாமே பொய்யா இருக்கும்னு நெனச்சிக்கினேன்," என்றாள். என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் ஊறுகாய் விஷயத்தைச் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வைட்ஃபீல்ட் ஸ்டேஷனில் போய் நின்றேன். வழக்கமான வண்டியை அவர் விடுவார், அடுத்த வண்டிக்குத்தான் வருவார் என்று கணக்குப் போட்டது சரியாக இருந்தது. பிளாட்பாரத்தின் கோடியில், கூட்டம் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார், பிறகு போகவில்லை. மன்னிச்சிடுங்க மாமா என்று சொல்வதற்காகத்தான் ஒரு மணி நேரமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வெளியே வரவில்லை. இன்னிக்கு வண்டி லேட்டாம் மாமா என்றேன். அவர் பக்கத்திலிருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்.

அவராகத்தான் ஆரம்பித்தார். எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாடு போனால் தனியாகப் போகிற வழக்கம் கிடையாது. லைனே வேன் பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போகும். அவருக்கும் பதினாலு பேர் போயிருக்கிறார்கள். கழுத்தில் சம்பங்கி மாலை. சுனிதா அத்தை அழுதிருக்கிறாள், அவருடைய அம்மா குழந்தையைத் தூக்கிக் கையாட்ட வைத்திருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்குள் போனார், பெட்டியைப் போட்டார், பாஸ்போர்ட் பார்க்கிற ஆபீசர் வரைக்கும் போனார். அந்த ஆபீசர் விசாத் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு ஆபீசரைக் கூப்பிட்டார். ஏஜெண்ட் கொடுத்த விசா பொய்யான விசா. அவரைப்போல இன்னும் நாலு பேர். விசாரித்து முடித்து மத்தியானம் வெளியே விட்டார்கள். வேன் எப்போதோ கிளம்பிப் போயிருந்தது.

மாலையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு கதவுக்கு வெளியே ஒரு காலித் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றாராம். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. ஒரு அம்மா காரிலிருந்து இறங்கி, இந்தப் பெட்டிகளை ஏத்துப்பா என்றாள். ஏற்றினார். உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தார். இன்னொருவர் கூப்பிட்டார். சாயங்காலம் தள்ளுவண்டி சூப்பர்வைசர், நீ யாரோட ஆளு என்று கேட்டான். யாரோட ஆளும் இல்லை என்றார். காலையில் வா, சட்டை தருகிறேன் என்றான்.

"மூணு நாளு போகட்டும், வூட்டுக்குப் போயி சொல்லிக்கலாம்னு இருந்தேன் பாப்பா," என்றார்.

மூன்று நாள் மூன்று வருஷம் ஆனது. தேவனஹள்ளியில் ஒரு அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கிறார். அந்த அறையில் ஒருத்தன் இன்டர்நெட் வழியாகப் பேசுகிற ஃபோன் வைத்திருந்தான். அதில், உள்ளூர் நம்பர் தெரியாமல், வாராவாரம் வீட்டுக்குப் பேசுவார். இன்னா சாப்டீங்க என்று அத்தை கேட்பாள். குபூஸ் என்று சொல்வார். அந்தப் பெயரை ஊருக்குத் திரும்புகிற பயணிகளிடம் கேட்டு வைத்திருந்தார். சாக்லெட்டும் கம்பளியும் சென்ட்டும்கூட அவர்களிடம் காசு கொடுத்து வாங்கியதுதான். ஒரு தடவைகூட அந்த ரொட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே இப்போது மணி என்ன என்று அத்தை கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அதையும் யாரிடமாவது தெரிந்துகொண்டிருப்பார். பயணிகள் எந்த வாசல் என்று கேட்டு அவரிடம் டிக்கெட்டை நீட்டுவார்கள். துபாய் என்று போட்டிருந்தால் கிளம்புகிற மணியையும் இறங்குகிற மணியையும் பார்ப்பார். எப்போதும் ரெண்டரை மணி நேரம்தான் வித்தியாசம் வரும். அவருடைய துபாய் அந்தத் தாள்களில்தான் இருந்தது. அதனால்தான் விமானத்தில் ஏறுகிற வரைக்கும் அவர் சொன்னது எதுவும் தப்பாகப் போகவில்லை.

ரெண்டாவது வருஷம் அவருடைய அம்மா இறந்துபோனார். அத்தை அந்த ஃபோனுக்கு மிஸ்டு கால் கொடுக்க, இவர் பேசினார். கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு லீவு தர மாட்டேன் என்கிறான் என்று சொன்னார். ஃபோனை வைத்ததும் பஸ் ஏறினார். மூன்று பஸ் மாறி மூன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார். குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு, லைன் பக்கம் வராமல் சுற்றிப்போய் சைனைட் மேட்டின் மேல் ஏறினார். சுரங்கத்திலிருந்து எடுத்து அரைத்த மண் மலைமாதிரி குவிந்து கிடக்கிறதே, அந்த மேடு. அங்கேயிருந்து பார்த்தால் இடுகாடு உள்ளங்கை மாதிரி தெரியும். மறுநாள்தான் பாடை வந்தது. குழியில் இறக்கினார்கள். பிள்ளை போட வேண்டிய முதல் பிடி மண்ணை சுனிதா அத்தையின் தம்பி போட்டான்.

"நூறு கிலோமீட்டருதான் பாப்பா. துபாய்லேர்ந்து வந்திருந்தாகூட கிட்ட போயிருப்பேன்."

வண்டி வருகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். ரயிலில் யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், சுனிதா காதுக்கு மட்டும் போகக் கூடாது, அவள் தாங்க மாட்டாள் என்றார். போகாது மாமா என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை பெட்டியில் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: ஃபோனில் காட்டினது நானே எழுதி வைத்தது, மாமாவைக் கலாய்க்கச் செய்தேன், துபாய் நிஜமாகவே ரெண்டரை மணி நேரம்தான். ஃப்ரெடி தன் ஃபோனை எடுத்தான், தேடினான், நாலு மணி நேரம் என்று உரக்கப் படித்தான்.

"பொய் சொல்லி மாட்டிவுட்டிருந்தா இப்போ வாபஸ் வாங்கிக்கலாம் ஷில்பா. நீ உண்மைய சொல்லி மாட்டிவுட்டுட்டு, இப்போ வந்து பொய்ய நம்பச் சொல்ற," என்றான். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, அவன் அம்மா ரேஷன் கடை வரிசையில் மாமா துபாய் போனது நிஜமா என்று சுனிதா அத்தையிடமே கேட்டுவிட்டதாகச் சொன்னான். அவனுக்கும் முகம் ஒரு மாதிரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். எங்கள் கடை முதலாளியின் தம்பி மாமாவை துபாயில் பார்த்திருக்கிறார், ஒரே கட்டடத்தில் வேலை செய்தார்கள் என்று. கட்டடத்துக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். மாமா வீட்டில் இல்லை. அவர்களுடைய பெண் டியூஷனுக்குப் போயிருந்தாள். அத்தை தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் உட்காரச் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"துபாய்க்கு எவ்ளோ நேரம் ஆவும் ஷில்பா? நெஜமா சொல்லு."

"நாலு மணி நேரம் அத்தை."

"ஏர்போர்ட்லேர்ந்து இங்க வர?"

"மூணு மணி நேரம்."

"ஏழு," என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்க மாமா துபாய் போனாரா போகலியான்னு ஊரே பேசிக்கினு கீது. எனக்கு அது இல்லடி. போயிட்டுத்தான் வந்தாருன்னே வெச்சிக்கோ. ஏழு மணி நேரத்துல வந்திருக்கலாம் இல்ல? அந்தக் கெழவிய ஒன்றரை நாளு போட்டு வெச்சிக்கினு இருந்தேன். வந்துடுவாரு, எப்படியாவது வந்துடுவாருன்னு. லீவு குடுக்கலைன்னாரு. சரின்னுட்டேன். பத்து வருசமா வாய்வுட்டுக் கேக்கல. பெத்த தாய்க்கு வராத மனுசன், நாளைக்கு எனக்கு வருவாரா?"

நான் கொண்டுபோயிருந்த பொய் இன்னும் சொல்லாமல் என்னிடமே இருந்தது. கட்டடத்தின் பெயரோடு அதைச் சொல்லியிருந்தால் ஊர் வாய் அடங்கியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்குள் அவர், ஏழு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவின் சாவுக்கு வராத பிள்ளையாகவே கிடப்பார். உண்மையைச் சொன்னால் ரெண்டு நாள் முன்னால் கொடுத்த வாக்கு போகும். ஒரே வாரத்தில் ஒரு மனுஷனை இரண்டாம் தடவை காட்டிக்கொடுத்தவள் ஆவேன். எது சரி என்று யோசித்து முடிவு பண்ணியதாக நான் சொல்ல மாட்டேன். யோசிக்கவில்லை.

"வந்தாரு அத்தை," என்றேன்.

அவள் கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். மாலை, பொய் விசா, தள்ளுவண்டி, தேவனஹள்ளி அறை, மூன்று பஸ், குல்லாய், மேடு. குபூஸைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. அவர் சொன்னபோது அவருடையதாக இருந்த கதை, என் வாயில் திருட்டுச் சாமான் மாதிரி இருந்தது. அவள் அழவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை.

"எவ்ளோ நேரம் நின்னாராம்?"

"மண்ணு மூடி எல்லாரும் போற வரைக்கும்."

"அன்னைக்கி மழை கொட்டிச்சி," என்றாள். கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொடை வெச்சிருந்தாராமா?"

எனக்குத் தெரியவில்லை. அதை நான் கேட்கவில்லை. அவர் சொன்னதில் மழையே கிடையாது. தெரியாது அத்தை என்றேன். அவள் ஜாக்கெட்டை மடித்து மிஷின் மேல் வைத்தாள், நீ வூட்டுக்குப் போ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஆறு வீடு கடந்து எங்கள் வீட்டுக்குப் போவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தம் எதுவும் வரவில்லை. அம்மா ரெண்டு தடவை, எதுக்குடி அங்கேயே எட்டிப் பாத்துக்கினு கீற என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மாமா எங்கள் வண்டிக்கு வந்தார். அதே இஸ்திரிச் சட்டை. ஃப்ரெடி அவரைப் பார்த்ததும் ஜன்னலோரத்திலிருந்து எழுந்தான். அவர் அவன் தோளை அழுத்தி அங்கேயே உட்கார வைத்துவிட்டு, நடைபாதைப் பக்கம் எனக்கு எதிரில் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். யாரும் துபாய் என்கிற வார்த்தையை எடுக்கவில்லை. கிரிக்கெட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று வேகவேகமாகப் பேசினார்கள். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஸ்டேஷன்கள் போயின. பங்காருபேட்டையில் கூட்டம் ஏறுகிற இரைச்சலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சொல்லிட்ட."

"ஆமா மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழங்கையால் இடித்துக்கொண்டு நின்ற ஆளுக்கு அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏன் பொய் சொன்ன, ஏன் மறைச்ச, ஒண்ணும் கேக்கல அவ," என்றார். "கொடை இருந்துச்சான்னு கேட்டா. இல்லன்னேன். அதுக்குத்தான் அழுதா."

 வைட்ஃபீல்ட் வரைக்கும் அவருடைய முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் இறங்குகிற இடம் வந்ததும் எழுந்தார். என் பை அவர் காலடியில் வழியை அடைத்துக் கிடந்தது. குனிந்து அதை எடுத்து, என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.